தனியாக ஒரு சுற்று

நாற்பத்து நான்கு வயதில் நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது பறக்கும் ஆசையால் அல்ல. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சின்ன வயதில் வானத்தைப் பார்த்து ஏங்கினீர்களா என்று கேட்கிறார்கள். வானத்தைப் பார்க்க நேரம் இருந்தால்தானே ஏங்குவதற்கு. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும்.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். ஒரே அறை, எட்டுப் பேர். குளிக்கப் போனாலும் வெளியே ஒருத்தி வாளியோடு நின்று அவசரப்படுத்துவாள். கல்யாணமாகி ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தேன். மாமியார், மாமனார், கொழுந்தன்மார், அப்புறம் என் பிள்ளைகள். அதற்கும் மேல் ஸ்கூல் வேன். பல வருடங்களாக நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு முன்னால் சாலை, பின்னால் கூச்சல். "ஆண்டி, இவன் கிள்ளுறான்." "ஆண்டி, என் பாட்டில் ஒழுவுது." வேனை விட்டு இறங்கினால் அண்ணி, அம்மா, அக்கா, பெரியம்மா. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வீட்டில் உள்ள எல்லோருக்கும் என்னிடம் கேட்க வேண்டியது ஞாபகம் வரும்.

என் வேனில் வரும் ஒரு பையனின் தாய், ஈப்போ விமான நிலையத்தில் உள்ள பயிற்சிப் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை செய்கிறார். ஒரு நாள் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். கொஞ்ச மாதம் சொல்லிக் கொடுத்த பிறகு, ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவரை மட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்களாம்.

"தனியாவா?" என்றேன்.

"தனியாதான்லா. பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்குப் பேரு சோலோ."

அன்று மதியம் பிள்ளைகளை ஏற்றும்போது ஒருத்தியை மறந்துவிட்டுக் கிளம்பி, பாதி வழியிலிருந்து திரும்பிப் போனேன். அந்தச் சொல் அப்படிப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தனியா இருக்கணும்னா பார்க்குக்குப் போயேன். இதுக்குப் போயி பிளேன் ஓட்டுவாங்களா?"

"பார்க்குக்குப் போனா பாதிப் புந்தோங் அங்கதான் நடந்துகிட்டிருக்குங்க."

அவர் ஒரு மாதம் சிரித்தார், ஒரு மாதம் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். பயிற்சிக் கட்டணத்துக்கு என் வளையல்கள் போன கதை தனி. அது இங்கே வேண்டாம்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் ஏற்றப் போவதற்குள் என் வகுப்பு நடக்கும். எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் காம்பாரைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கிறிஸ்துவப் பையன். பையன் என்றால் முப்பதைத் தொடாத ஆள். பெரிய விமான நிறுவனத்தில் சேரும்வரை இங்கே ஆசிரியராக இருந்து பறக்கும் மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. முதல் நாள் நான் "சார்" என்றேன். அவர் நெளிந்தார். மறுநாளே நான் அக்கா, அவர் தம்பி.

விமானத்தைச் சுற்றி வந்து பரிசோதிப்பது எனக்கு எளிதாக வந்தது. வேனுக்கும் தினமும் செய்வதுதானே. டயரைப் பார், எண்ணெய்க் குச்சியை உருவிப் பார். இங்கே கூடுதலாக, இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் கோப்பையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு.

தரையில் ஓட்டுவதுதான் என் மானத்தை வாங்கியது. விமானத்தில் கைக்கு முன்னால் ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கிறது. ஆனால் தரையில் அதைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. காலால்தான் திருப்ப வேண்டும். வேன் ஓட்டிய கை சும்மா இருக்குமா? நான் வலப்பக்கம் வளைத்து வளைத்துத் திருப்ப, விமானம் நேராகப் புல்லை நோக்கிப் போகும். தம்பி "கால், கால், கால்க்கா!" என்று கதறுவார். என் இடது கால் வேறு இல்லாத கிளட்சைத் தேடும். அப்படியே பல வாரம் போனது.

மேலே ஏறிவிட்டால் எனக்குப் பிடித்தது டிரிம். இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு சின்னச் சக்கரம். மூக்கை எந்த உயரத்தில் வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, எஞ்சின் வேகத்தைச் சரிசெய்து, பிறகு அந்தச் சக்கரத்தை மெல்ல உருட்டினால், கையில் இருந்த இழுப்பெல்லாம் கரைந்துபோகும். சரியாக டிரிம் செய்த விமானம், கையை எடுத்துவிட்டாலும் கொஞ்ச நேரம் தானாகவே நேராகப் பறக்கும். அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும். எனக்கு அதன் குணம் நன்றாகப் புரிந்தது.

முதல் பாடத்திலேயே தம்பி ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தச் சின்ன விமானத்தில் இருவர் முன்னாலும் ஓட்டும் கருவிகள் உண்டு. அதனால் எந்த நேரத்திலும் யார் ஓட்டுகிறார்கள் என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. கொடுப்பவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். கொடுத்தவர் திரும்பவும் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், உரக்க.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் சொன்னோம். ஆனால் தோளோடு தோள் உரசும் சின்ன அறையில் இரண்டு தமிழர்கள் உட்கார்ந்தால் ஆங்கிலம் எத்தனை நாள் தாங்கும்? அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்து, கொடுக்கல் வாங்கலும் தமிழுக்கு வந்துவிட்டது. தம்பி பிற்பாடு சொன்னார். ஒரு அக்காவைப் பார்த்து "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று அதட்டுவது, அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவது மாதிரி இருந்ததாம். வளர்த்தவர்கள் அப்படி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புதான். ஆகாயத்துக்கு ஆகாது.

என் சோலோவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் கோலா கங்சார் பக்கம் போய்ப் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீழே பேராக் ஆறு கலங்கலாக வளைந்து கிடந்தது. நான் பிறந்த தோட்டம் அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். அந்தப் பக்கம் மனை பிரித்து வீடுகளும் கட்டிவிட்டார்கள். தம்பி "எங்கக்கா உங்க தோட்டம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தேடவும் தோன்றவில்லை. எட்டுப் பேரோடு படுத்த அறையை மேலிருந்து பார்த்து நான் என்ன செய்வது?

அப்போது தம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், "அக்கா, பாத்துக்குங்க" என்றார்.

நான் "ம்" என்றேன்.

அவர் ஏதோ செய்து காட்டப் போகிறார், நான் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல மாணவியாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த கருவிகளின் முட்களையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்தேன். தம்பியோ விமானத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வரைபடத்தை மடித்துவிட்டு, வலப்பக்கம் வேறு விமானம் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

நன்றாக டிரிம் செய்த விமானம். அதனால் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு இடது இறக்கை மெல்லக் கீழே சாய்ந்தது. தம்பி மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மூக்கு கொஞ்சம் இறங்கியது. இறக்கம் காட்டுகிறார் என்று நினைத்தேன். எஞ்சின் சத்தம் ஏறியது. சுண்ணாம்புக் குன்று ஒன்று கண்ணாடியில் மெல்ல நடுவுக்கு வந்தது. எஞ்சின் சத்தம்தான் என்னை உறுத்தியது. வேன் ஓட்டுகிறவளுக்குக் காது பொய் சொல்லாது.

"தம்பி, ஏன் இவ்வளவு சாய்க்கிறீங்க?"

அவர் தலையைத் திருப்பினார். "நானா? நீங்கதானேக்கா ஓட்டுறீங்க!"

"நீங்க பாக்கச் சொன்னீங்க!"

"பாத்துக்கச் சொன்னேன்க்கா!"

"அதான் பாத்துகிட்டு இருக்கேன்!"

அதன் பிறகு தம்பி தமிழில் பேசவில்லை. "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் இருக்கையோடு ஒட்டிக்கொண்டேன். எஞ்சின் வேகத்தைக் குறைத்தார், இறக்கைகளை மட்டப்படுத்தினார், மூக்கைப் பதமாகத் தூக்கினார். குன்று எங்களுக்கு இன்னும் கீழேதான் இருந்தது. ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனாலும் ஈப்போ வருவதற்குள் அவர் கழுத்தில் வியர்வை வழிந்து அந்தக் கசங்காத காலரை நனைத்திருந்தது.

தரையிறங்கியதும் தம்பி நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் மலாய்க்காரர், படையில் பறந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். எனக்குத் தம்பி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நமக்குள் முடிந்த கதையை ஊரறியச் சொல்வானேன்? வாசலில் வைத்தே கேட்டேன்.

"சொல்லாம மறைச்சிட்டு, உங்கள எப்படிக்கா நான் தனியா அனுப்புவேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

கேப்டன் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு மலாயில் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"தெங்கோக்" என்றேன் நான். பார்ப்பது.

"ஜாகா" என்றார் தம்பி அதே நேரத்தில். கவனித்துக்கொள்வது.

கேப்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே சொல்தானே?" என்றார். ஒரே சொல்தான் என்றோம். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து விமானத்துக்குள் எங்கள் இருவருக்கும் தமிழுக்குத் தடை. அதோடு என் சோலோவையும் நிறுத்தி வைத்தார். அவரே ஒரு முறை என்னோடு பறந்து பார்த்துத்தான் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாதவரைத் தனியாக அனுப்ப முடியாது என்றார்.

"தனியா போனா அந்தச் சந்தேகமே வராதே, கேப்டன்" என்றேன்.

தம்பி தரையைப் பார்த்தார். கேப்டன் சிரிக்கவில்லை. நான் சிரிப்பு மூட்டச் சொல்லவும் இல்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. இத்தனை மாதம் நான் பொறுத்துப் பொறுத்துச் சேர்த்து வைத்திருந்தது அந்த ஒரு சுற்று. புறப்பட்டு, ஊரை ஒட்டி ஒரு செவ்வகம் போட்டு, திரும்ப அதே ஓடுபாதையில் இறங்குவது. அவ்வளவு சின்னது. அதுவும் கைவிட்டுப் போகும் போலிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் வேனில் பிள்ளைகள் கத்தும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போனது. ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன். மூடினார்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள், "ஆண்டி, இப்ப பேசலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டில் யாருக்கும் நான் விவரம் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல வருவார்கள். அதைத் தாங்க முடியாது.

கேப்டனோடு பறந்த அன்று, இரவெல்லாம் மனப்பாடம் செய்த அந்த ஆங்கில வாக்கியங்களை அவர் சோதிக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று எஞ்சினை ஏறக்குறைய நிற்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, எஞ்சின் போய்விட்டது, என்ன செய்வாய் என்பதுபோல் பார்த்தார். முதலில் மூக்கை இறக்கி வேகத்தைக் காப்பாற்றினேன். பிறகு இறங்க இடம் தேடினேன். ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் வேண்டாம், செம்பனை வேண்டாம், அதோ பச்சைப் புல்தரை என்று காட்டினேன். நல்லது என்று தலையாட்டியவர், கொஞ்சம் கீழே வந்ததும், "கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்றார். பள்ளிக்கூடப் பந்துத் திடல். காற்சட்டைப் பையன்கள் அண்ணாந்து பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

இறங்கி நடந்து வரும்போது தம்பி வாசலில் காத்திருந்தார். கேப்டன் அவரைக் கடந்து போகையில் "போலே" என்று மட்டும் சொன்னார். முடியும். அனுப்பலாம். அந்தத் திடலுக்கும் கோல் கம்பத்துக்கும் பிறகும் ஏன் அனுப்பலாம் என்று சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பள்ளி இல்லை. வீட்டுக்காரர் தானே காரில் கொண்டுவந்து விட்டு, வேலிக்கு வெளியே நின்றார். காலைக் காற்று ஓடுபாதைக்கு நேராக, மெதுவாக வீசியது. தம்பியோடு சில சுற்று முடித்ததும் அவர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். தன் பெல்ட்டைக் கழற்றி, ஓட்டும் கருவியில் சிக்காதபடி காலி இருக்கைக்குக் குறுக்கே இறுக்கிப் பூட்டினார். கதவைத் திறந்து இறங்கியவர், எஞ்சின் சத்தத்துக்கு மேலே, "அக்கா, பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். பாத்துப் போங்க என்று சொல்ல வந்திருப்பார். அதையும் விழுங்கிவிட்டு, ஆங்கிலத்தில் "ஒரே ஒரு சுற்று, இறங்கி வாங்க" என்றார். கதவைச் சாத்தி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

டவரில் அனுமதி கேட்டேன், கிடைத்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தி, எஞ்சினை முழுவதும் கொடுத்தேன். ஓர் ஆள் குறைந்த விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையை விட்டுவிட்டது. பயமாக இருந்ததா என்றால், இருந்தது. முதல் திருப்பம்வரை வாயில் எச்சில் இல்லை.

ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பி, மட்டமாக்கி, டிரிம் செய்தேன். வலப்பக்கம் பார்த்தேன். காலி இருக்கை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் காதை அடைத்தாலும், எனக்கு அது அமைதியாகத்தான் இருந்தது. கிளேடாங் மலை அதன் பாட்டுக்கு நின்றது. நான் யாருக்கும் அண்ணி இல்லை, ஆண்டி இல்லை. சந்தோஷம் என்று சொன்னால் போதாது. என் உடம்பு முழுக்க எனக்கே எனக்கென்று இருந்தது. அதைப் புரிந்துகொள்வதற்குள் இறங்கத் தயாராகும் இடம் வந்துவிட்டது.

எஞ்சினைக் குறைத்தேன், திரும்பினேன், மறுபடி திரும்பினேன். ஓடுபாதை நேர் எதிரே. கொஞ்சம் உயரமாக இருந்தேன். அது உண்மை. அப்படி உயரமாக இருந்தால் என்ன செய்வது என்று நூறு முறை பழகியிருக்கிறேன். எஞ்சினை இன்னும் குறைத்தால் சரியாகியிருக்கும். நான் முழு வேகம் கொடுத்து, மூக்கைத் தூக்கி, டவரிடம் "கோயிங் அரவுண்ட்" என்றேன். இறங்காமல் திரும்ப ஏறிப் போனேன்.

இரண்டாவது சுற்றில் எச்சில் இருந்தது. மூச்சு இருந்தது. காலி இருக்கையை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு மென்மையாக இறங்கினேன்.

கேப்டன் கை குலுக்கினார். சந்தேகம் வந்தால் இறங்காமல் ஏறிவிட வேண்டும், முதல் முறையிலேயே அந்த நிதானம் எல்லோருக்கும் வராது என்று மற்ற மாணவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். அங்கே அது வழக்கம். "ரொம்ப உயரமா இருந்துச்சு, கேப்டன்" என்றேன். தம்பி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஈரத் துணியோடு காரில் ஏறினேன். வீட்டுக்காரர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு கேட்டார். "ஒரு சுத்துதானே சொன்ன? ரெண்டாவது தடவை ஏன் மேல போன? நான் பதறிட்டேன் தெரியுமா."

கேப்டனிடம் சொன்ன பதில் வாய் வரை வந்தது. இவரிடம் சொல்ல மனம் வரவில்லை. "எறங்க மனசு வரலங்க" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது, "வீட்டுல அவ்வளவு சத்தமா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். விளக்கு பச்சையானது. புந்தோங் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வருத்தமா, இல்லை எனக்காகத்தான் சத்தமில்லாமல் வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.